சம்மதத்துடன் பிரிவோரும் நீதிமன்றப் படி ஏற வேண்டும்

(மஹல்லா ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் ஸகாத்தைப் பற்றியோ பிள்ளைகளின் மார்க்கக் கல்வியைப் பற்றியோ பேசுவது எனது வழக்கம். இவ்வாண்டு செயலாளர் அவர்களிடம் அனுமதி பெற்று, மேடைகளில் நாம் பேசத் தயங்குகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். நமது ஆண்டறிக்கையில் எத்தனை நிக்காஹ் நடைபெற்றது என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை பிரிந்தன என்ற கணக்கு இல்லை. அதை அச்சிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அப்படிப் பிரிந்தவர்களுக்கு இதே அலுவலகத்தில் அமர்ந்து கடிதம் எழுதிக் கொடுத்தவன் நான். அந்தக் கடிதங்களைப் பற்றி உங்களிடம் பேசியாக வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் தம் மகளுடன் வந்திருந்தார். அந்தப் பெண்ணின் கையில் ஒரு பாலிதீன் உறைக்குள் நான்காக மடித்த தாள். விரித்துப் பார்த்தேன். நமது ஜமாஅத்தின் பெயர் அச்சிட்ட தாள், ஜமாஅத்தின் முத்திரை, எனது கையெழுத்து. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அவரும் அவருடைய கணவரும் பேசி முடிவெடுத்துப் பிரிந்தபோது எழுதிக் கொடுத்தது. சண்டையில்லை, வழக்கில்லை. கணவர் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார், இரு குடும்பத்தாரும் இதோ இந்தக் கூடத்தில்தான் அமர்ந்தார்கள், தேநீர் குடித்தார்கள், கலைந்தார்கள். ‘நல்லபடியாக முடிந்தது’ என்று நானும் திருப்தியடைந்தேன்.

இப்போது அப்பெண்ணுக்கு இரண்டாவது சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் பணிபுரிகிறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். மனைவியை உடன் அழைத்துச் செல்லத் திருமணப் பதிவுச் சான்று வேண்டும் என்பதால், தேதி குறித்த கையோடு சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கச் சென்றிருக்கிறார்கள். பெண் முன்னரே மணமானவர் என்றால் அந்தத் திருமணம் முடிவுக்கு வந்ததற்கு நீதிமன்ற ஆணை எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஜமாஅத் கடிதத்தை நீட்டியதும், இது செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

“ஹஜ்ரத், இது நீங்க எழுதிக் கொடுத்ததுதானே?” என்று மட்டும் அந்தப் பெரியவர் கேட்டார். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தது.

அந்த அதிகாரி மீது பிழையில்லை. பிழை என்னுடையது. அன்று நாங்கள் செய்தது மார்க்கப்படி செல்லுபடியான காரியம்தான். ஆனால் அதை நாட்டின் சட்டம் அறியும்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தெரியவும் இல்லை. மதரஸாவில் ஹிதாயா கிதாபில் தலாக்குடைய பாடத்தை மாதக்கணக்கில் ஓதியிருக்கிறேன். குடும்பநல நீதிமன்றத்தில் மனுவை எந்தச் சாளரத்தில் கொடுக்க வேண்டும் என்பதை எந்த உஸ்தாதும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

முதலில் மார்க்கத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவன் தன் விருப்பில் பிரிவது தலாக். மனைவி பிரிவை வேண்டி, மஹரையோ வேறெதையோ விட்டுக்கொடுத்துப் பெறுவது குலா. தாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி, கணவரின் குணத்திலோ மார்க்கப் பற்றிலோ குறை சொல்லாமல், அவருடன் வாழ மனம் ஒப்பவில்லை என்று நபிகளாரிடம் வந்து முறையிட்டதும், மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு நபிகளார் அந்தப் பிரிவை நிறைவேற்றி வைத்ததும் புகாரியில் உள்ள செய்தி. இருவருமே பிரிவை விரும்பி ஒருவரையொருவர் விடுவித்துக்கொள்வது முபாரஅத். இன்று நான் பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பற்றியே. இவற்றுக்கெல்லாம் முன்பாக, இரு குடும்பத்திலிருந்தும் நடுவர்களை அமர்த்திச் சமரசம் பேச வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 35-வது வசனம் இடும் கட்டளை. அந்தப் படியைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் இனி நான் சொல்லப்போவது.

முபாரஅத்தின் மூலம் நிகழ்வது, ஹனஃபி மத்ஹபின்படி, மீட்டுக்கொள்ள முடியாத ஒரு தலாக். அதாவது இத்தாவுக்குள் கணவன் தன்னிச்சையாக மனைவியைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடியாது. ஆனால் பின்னொரு நாளில் இருவரும் மனம் மாறினால் புதிய மஹருடன் புதிய நிக்காஹ் செய்துகொள்ளலாம். அது மூன்றாவது தலாக்காக இல்லாத வரையில் இடையில் இன்னொரு திருமணம் நடந்தாக வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இதை அறியாமல் எத்தனையோ பேர் ஏங்கிக்கொண்டே காலத்தைக் கழிக்கிறார்கள்.

இனி சட்டத்தின் பக்கம். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் தலாக், குலா, முபாரஅத் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, இவ்விஷயங்களில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே விதி என்கிறது. ஆகவே முபாரஅத் இந்நாட்டின் சட்டத்திற்குப் புறம்பானதன்று. பிறகு சிக்கல் எங்கே வந்தது? ‘அது நடந்தது’ என்று சான்றளிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதில்தான்.

அந்த அதிகாரம் நமக்கில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. ஃபத்வாவுக்கும் தாருல் கழாவின் முடிவுக்கும் சட்ட வலிமை இல்லை, எவரையும் அவற்றைக் கொண்டு கட்டாயப்படுத்த முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் அவர்கள் தொடுத்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்தே என்று 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உண்மையில் இது புதிய செய்தியன்று; 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டத்தின் 4-வது பிரிவே காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் எதுவும் இல்லை என்கிறது. நாம்தான் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக அதைப் படிக்கவில்லை. 2023-இல் அதே உயர் நீதிமன்றம், ஒரு தனியார் ஷரீஅத் கவுன்சில் 2017-இல் கொடுத்த குலா சான்றிதழை ரத்துச் செய்து, குலாவைப் பெறப் பெண்ணுக்கு உரிமை உண்டு, ஆனால் அதற்குக் குடும்பநல நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2024-இல் மதுரைக் கிளையும் தலாக் சான்றிதழ் ஒன்றைப் பற்றி இதே போன்று, இத்தகைய கவுன்சில் நீதிமன்றமாகாது என்றது.

இத்தீர்ப்புகளைக் கேட்டதும் நம்மில் சிலர் கொதித்தெழுகிறார்கள். மார்க்கத்தில் கை வைக்கிறார்கள் என்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. பெண்ணை நிக்காஹ் செய்துகொடுக்கும்போது தஃப்தரில் எழுதி, சாட்சிகளின் கையொப்பம் வாங்கி, 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடமும் பதிவு செய்கிறோம். கட்டும்போது அரசாங்கத்தின் பதிவை ஏற்றுக்கொண்டவர்கள், அவிழ்க்கும்போது மட்டும் நமது முத்திரையே போதும் என்றால் எப்படி? அந்தப் பதிவேட்டில் அவள் இன்னும் ஒருவரின் மனைவியாகவே இருக்கிறாள். கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதிச் சாட்சி வைத்துக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இருவருக்கும் சம்மதம்தானே, ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லி முடித்துவிடுவோம்’ என்று இன்னும் சில வீடுகளில் பேச்சு நடக்கிறது. 2017-இல் ஷாயரா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறையைச் செல்லாது என்று ஒதுக்கியது. 2019-ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. சம்மதத்துடன் சொன்னாலும் அது பிரிவாகாது. குற்றம் மட்டும் மிஞ்சும். அப்படியொரு தாளில் கையெழுத்திட என்னிடம் எவரும் வர வேண்டாம்.

சரி, நீதிமன்றம் என்றதும் வழக்கறிஞர், கட்டணம், ஆண்டுக்கணக்கான அலைச்சல் என்றுதான் மனத்தில் தோன்றுகிறது. இருவரும் ஒத்துப்போன வழக்கில் அந்த அச்சம் வேண்டியதில்லை. 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-வது பிரிவு, அந்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் மூலம் வாதிடுவதை எவரும் உரிமையாகக் கோர முடியாது என்கிறது. அனுமதி கேட்டு வழக்கறிஞரை வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நடைமுறையில் அதுவே அதிகம். ஆனால் சட்டம் முதலில் மனத்தில் கொண்டிருப்பது, கணவனும் மனைவியும் நேரில் வந்து தம் வாயால் சொல்வதைத்தான். தேவைப்பட்டால் நீதிமன்றமே ஒரு சட்ட வல்லுநரைத் தனக்கு உதவியாக அழைத்துக்கொள்ளும். அதே சட்டத்தின் 7-வது பிரிவு, ஒருவரின் திருமண நிலை இன்னது என்று விளம்புகை செய்யும் அதிகாரத்தை இந்நீதிமன்றத்திற்குக் கொடுத்திருக்கிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

அந்தப் பெண்ணும் அவருடைய முன்னாள் கணவரும் அவ்வாறே செய்தார்கள். அவர்களுடன் நானும் நீதிமன்ற வளாகத்திற்குப் பலமுறை சென்றேன். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் முபாரஅத் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் எழுத வேண்டும். இருவரின் பெயர், தந்தை பெயர், முகவரி, நிக்காஹ் நடந்த நாள், பள்ளிவாசல், பிள்ளைகளின் பெயரும் வயதும், சமரசப் பேச்சு நடந்து பலன் தராத விவரம், இன்ன தேதியில் இருவரும் மனமொப்பிப் பிரிந்தோம் என்ற வாசகம், கொடுக்கல் வாங்கல் விவரம், இருவரின் கையொப்பம், சாட்சிகளின் கையொப்பம். தேதியை விட்டுவிடாதீர்கள். இத்தா அந்தத் தேதியிலிருந்துதான் கணக்காகும். நீதிமன்ற ஆணை வந்த நாளிலிருந்து அல்ல. பல பெண்கள் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். இத்தா முடிந்துவிட்டாலும், மறுமணத்திற்கு ஆணை கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதே பாதுகாப்பு என்பது எனது ஆலோசனை.

அடுத்து மனு. தமிழிலேயே எழுதலாம். இதில்தான் நாங்கள் முதலில் தடுக்கி விழுந்தோம். மனுவின் இறுதியில், ‘எங்களுக்கு விவாகரத்து வழங்க வேண்டுமாய்’ என்று எழுதியிருந்தோம். அலுவலகம் மனுவைத் திருப்பிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது நம் ஃபிக்ஹுக்கும் பொருத்தமானதே. முபாரஅத்தில் பிரிவை உண்டாக்குவது நீதிபதியின் பேனா அல்ல; இருவரின் சொல்தான். அது ஏற்கெனவே நடந்துவிட்டது. ஆகவே கேட்க வேண்டியது, ‘இன்ன தேதியில் செய்துகொண்ட முபாரஅத்தின் மூலம் எங்கள் திருமணம் முடிவுற்றதென்று விளம்புகை செய்ய வேண்டுமாய்’ என்பது. கேரள உயர் நீதிமன்றம் 2021-இல், 1972-ஆம் ஆண்டின் தன் பழைய தீர்ப்பை மாற்றி, குலாவும் முபாரஅத்தும் முறைப்படி நடந்திருப்பதாக மேலோட்டமாகத் தெரிந்தாலே குடும்பநல நீதிமன்றம் நீண்ட விசாரணையின்றி அதை அங்கீகரித்து ஆணையிடலாம் என்று விளக்கியதும் இந்த அடிப்படையில்தான். அத்தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்றாலும் எடுத்துக்காட்டத் தக்கது.

இரண்டாம் முறை திரும்பியது அற்பக் காரணத்திற்காக: பக்க எண் இல்லை, ஆவணப் பட்டியல் இல்லை. மனு திரும்பினால் மனம் தளர வேண்டாம். வழக்கறிஞர்களின் மனுக்களும் தினந்தோறும் திரும்புகின்றன. திருப்பிய காரணத்தை மனுவிலேயே எழுதிக் கொடுப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் அதைச் சரிசெய்து மீண்டும் கொடுத்தால் போதும். மனுவுடன் சத்தியப் பிரமாணப் பத்திரம், நிக்காஹ் தஃப்தரின் நகல், பதிவுச் சான்று இருந்தால் அதுவும், முகவரிச் சான்று, புகைப்படம், முபாரஅத் ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். எந்த ஊர் நீதிமன்றம் என்பது, கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், நிக்காஹ் நடந்த இடம், மற்றவர் குடியிருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்தது. மனுவை மின்னணு முறையில் பதிவேற்றச் சொன்னால், வளாகத்திலுள்ள இ-சேவை மையத்தில் உதவி கேட்கலாம்.

எண்ணிட்டபின் இருவரையும் அழைப்பார்கள். முதலில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சேர்த்துவைக்க முயல வேண்டும் என்பது 9-வது பிரிவின் கட்டளை. எனவே ‘நாங்கள்தான் முடிவு செய்துவிட்டோமே’ என்று சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் பரஸ்பர சம்மத மனுவுக்கு உள்ள ஆறுமாதக் காத்திருப்பு முபாரஅத்துக்கு இல்லை. ஆனால் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 28-வது பிரிவே வழி. அவர்களுக்கு முபாரஅத் பொருந்தாது. நீதிபதியின் முன் பேசக் கூசுகிற பெண்கள், மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்று கேட்கலாம். இருவரில் ஒருவர் கேட்டாலும் அப்படியே நடத்த வேண்டும் என்கிறது 11-வது பிரிவு. சம்மதத்தின் பேரில் பிறந்த தீர்ப்பாணையின் மீது மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்திடும் முன்பே யோசிக்க வேண்டும்.

இனி நான் சொல்லவேண்டிய முக்கியமான பகுதிக்கு வருகிறேன். விசாரணை நாளன்று நீதிபதி அந்தப் பெண்ணிடம், ‘யாரும் கட்டாயப்படுத்தினார்களா?’ என்று கேட்டார். இல்லை என்றார். ‘மஹர் வந்ததா?’ அப்பெண் மௌனமாக இருந்தார். ‘பையனின் செலவுக்கு யார் பொறுப்பு?’ என்ற மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது: “ஹஜ்ரத் எழுதின பேப்பர்ல ஒண்ணும் இல்லைங்க ஐயா.”

உண்மைதான். நான் எழுதியிருந்த வாசகம், ‘இருவருக்குமிடையே இனி எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை’ என்பது. ஒவ்வொரு கடிதத்திலும் அப்படித்தான் எழுதுவேன். எனக்கு முன்பிருந்த ஹஜ்ரத் விட்டுச்சென்ற மாதிரியில் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு வரியில் ஐந்து பவுன் மஹரும் ஒரு சிறுவனின் மூன்றாண்டுச் சோறும் துணியும் பள்ளிக் கட்டணமும் அடிபட்டுப் போயிருந்தன. ஹனஃபி மத்ஹபில் முபாரஅத்தினால் கணவன் மனைவிக்கு இடையிலான மஹர் போன்ற பாக்கிகள் நீங்கிவிடும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. இருக்கட்டும். ஆனால் பிள்ளையின் ஜீவனாம்சம் அதில் சேராது. அது தாயின் சொத்தல்ல, பிள்ளையின் உரிமை. இன்னொருவரின் உரிமையை விட்டுக்கொடுக்க அவள் யார், எழுதிக் கொடுக்க நான் யார்? ஃபிக்ஹ் படித்த எனக்கு இதை ஒரு நீதிபதியின் கேள்வி நினைவூட்ட வேண்டியிருந்தது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. பிள்ளை சட்டப்படி உரிய வயதை அடையும் வரை தந்தையிடம் ஜீவனாம்சம் பெறும் உரிமையைத் தாயின் தலாக் குறைத்துவிடாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டப்படி, மஹரும் திருமணத்தின்போது தரப்பட்ட பொருள்களும் பெண்ணுக்குரியவை. இத்தாக் காலத்திற்குள் நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் கணவர் தர வேண்டும். அந்த ஏற்பாடு இத்தாவோடு நின்றுவிடுவதன்று, அவளது பிற்கால வாழ்வையும் கருதியது என்று 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் விளக்கம் சொல்லப்பட்டது. 2024 ஜூலையில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவும் முஸ்லிம் பெண்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது.

நீதிபதி வழக்கைச் சில வாரங்கள் தள்ளிவைத்தார். முன்னாள் கணவர் கெட்டவரல்லர். யாரும் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மஹரை ஒரே தவணையில் கொடுத்தார். பையனுக்கு மாதந்தோறும் வங்கிக் கணக்கில் செலுத்துவதாகவும், விடுமுறையில் வரும்போது பையன் தம்முடன் தங்க வேண்டும் என்றும் எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். அது தீர்ப்பாணையின் ஒரு பகுதியாயிற்று. மனு கொடுத்ததிலிருந்து ஆணை வரும்வரை ஏழு மாதங்கள். வழக்கறிஞர் கட்டணம் இல்லை. அந்த மாப்பிள்ளை அத்தனை மாதமும் காத்திருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மஹல்லாவில் வீட்டுக்கொருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். விடுமுறையைக் கணக்கிட்டு மனுவைக் கொடுப்பது நலம். வர இயலாதவர்கள் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை நெருங்கிய உறவினருக்கு அனுப்பி, தாம் காணொலி வாயிலாக முன்னிலையாக அனுமதி கேட்கலாம். அனுமதிப்பது நீதிபதியின் விருப்பம். வாட்ஸ்அப்பில் ‘சம்மதம்’ என்று குரல் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிட வேண்டாம்.

எல்லாருக்கும் இந்த வழி பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அடி உதை நடந்த வீடு, பிள்ளை யாரிடம் இருப்பது என்பதில் பிணக்குள்ள வீடு, சொத்து கலந்து கிடக்கிற வீடு, கணவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாத வீடு: இவற்றை ‘சம்மதம்’ என்ற போர்வையால் மூடக்கூடாது. அப்பெண்ணுக்கு 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் ரத்துச் சட்டம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவரின் துணையும் வேண்டும். அதற்கும் பணம் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண் என்ற ஒரே தகுதியில் இலவச சட்ட உதவி பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. வட்ட அளவிலும் குழு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். தாய்மார்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். அண்டை வீட்டாருக்குத் தேவைப்படலாம்.

பெண் வீட்டார் கேட்டும் தஃப்தர் நகல் தராமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பது பல மஹல்லாக்களில் நடக்கிறது. நம் ஜமாஅத்திலும் நடந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. சந்தா பாக்கியைக் காரணம் காட்டி நிறுத்திவைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சந்தாவை வேறு வழியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்த நகல் இல்லாமல் அவர்கள் நீதிமன்றத்தின் படியைக்கூட மிதிக்க முடியாது.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் எழுத்து மூலம் மூன்று வேண்டுகோள்கள் வைத்தேன். மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். தஃப்தர் நகல் கேட்ட மூன்றாம் நாளுக்குள் கட்டணமின்றித் தரப்படும். பிரிவு தொடர்பான ஜமாஅத் கடிதத்தில், ‘இது ஜமாஅத்தில் நடந்த பேச்சின் குறிப்பு மட்டுமே, நீதிமன்ற ஆணைக்கு ஈடாகாது’ என்ற வாசகம் இனி அச்சிடப்பட்டிருக்கும். பழைய மாதிரியில் இருந்த ‘கொடுக்கல் வாங்கல் இல்லை’ என்ற வரி நீக்கப்பட்டு, மஹர், இத்தாச் செலவு, பிள்ளைகளின் ஜீவனாம்சம், பிள்ளைகளைச் சந்திக்கும் ஏற்பாடு என நான்கு கட்டங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை நிரப்பப்படாத தாளில் நான் கையெழுத்திட மாட்டேன்.

இதற்கு முன் நான் எழுதிக் கொடுத்த கடிதங்களின் அலுவலக நகல்களை எடுத்து வைத்திருக்கிறேன். அவற்றை வைத்திருப்பவர்கள், ஆணோ பெண்ணோ, இஷாவுக்குப் பின் எந்த நாளிலும் என்னை வந்து பாருங்கள். மனு எழுதும்போது கூட அமர்ந்திருக்கிறேன்; சாட்சியாக அழைத்தால் நீதிமன்றத்திற்கும் வருகிறேன்.